புதுப்பிப்பு: 3.1 ஜிபிஏவும் மெடிக்கல் ஸ்கூலும், இரண்டு வருடத்துக்குப் பிறகு

"டிகிரி முடிந்துவிட்டது, ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 4க்கு 3.1தான், ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி கிரேடு. அமெரிக்காவில் இனி மெடிக்கல் ஸ்கூலுக்கு வழி உண்டா?" என்று இங்கே கேட்டிருந்தேன். போஸ்ட்-பேக், அதாவது டிகிரிக்குப் பிறகு மறுபடியும் இளங்கலைப் பாடங்கள், படிக்கச் சொன்னீர்கள். படித்து முடித்துவிட்டேன்.

முதலில் கணக்கு. பழைய 120 கிரெடிட், 3.1. புதிதாக 32 கிரெடிட், 3.9. இரண்டையும் சேர்த்தால் 3.27தான் வருகிறது! அதைப் பார்த்த அன்று மனசு விட்டுப்போனது. மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில், திரும்பப் படித்த பாடத்துக்குப் பழைய சி, புதிய ஏ இரண்டுமே கணக்கில் சேரும். ஆனால் போஸ்ட்-பேக் ஜிபிஏ தனி வரியாகவும் தெரியும். அந்த ஏற்றத்தைத்தான் காட்ட வேண்டும். மாஸ்டர்ஸ் சேர்ந்திருந்தால் அந்த மதிப்பெண் இளங்கலை ஜிபிஏவில் சேர்ந்தே இருக்காது. அதை முன்பே எச்சரித்தவருக்கு நன்றி.

பயோகெமிஸ்ட்ரி பேராசிரியரை வாராவாரம் போய்ப் பார்த்தேன். என் நோட்டில் கிரெப்ஸ் சுழற்சியைச் சிவப்புப் பேனாவால் திருத்தித் தந்தவர்தான் சிபாரிசுக் கடிதமும் எழுதினார். மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 528க்கு 511.

நேற்று முதல் நேர்காணல் அழைப்பு வந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன். ரெண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை.