ஆட்டிசம் இருக்குறவங்க யாராச்சும் கார் ஓட்டுறீங்களா? கத்துக்கிட்டது, வண்டி வாங்கினது பத்தி சொல்லுங்களேன்

மழைக்குருவி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வளந்து பெரியாளானப்புறம்தான் ஆட்டிசம்னு தெரிய வந்துச்சு. இப்ப கார் கத்துக்கிட்டு இருக்கேன், காலி ரோட்டுல நல்லாவே ஓட்டுறேன், ஸ்டியரிங் பிரேக் எல்லாம் கைக்கு வந்துருச்சு, ஆனா டிராஃபிக்குள்ள நுழைஞ்சதும் பக்கத்துல இருக்குற மாஸ்டர் பேச ஆரம்பிச்சார்னா எனக்குள்ள எல்லாம் அப்படியே நின்னுடுது. இண்டிகேட்டர் டிக் டிக்னு அடிச்சிட்டு இருக்கும், பின்னாடி ஹாரன், சைடு மிரர்ல ஒரு பைக், அதே நேரத்துல அவர் "கொஞ்சம் ஒதுக்கி எடு, பாத்து, ஆங் விடு விடு"ங்கறார். எவ்வளவு ஒதுக்கணும், எதை விடணும், கிளட்சையா பிரேக்கையா? நான் அதை யோசிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி ஆஃப் ஆயிடுது, அவர் குரலை உசத்துறார், அப்புறம் அன்னைக்கு பூரா என்னால வாயத் திறந்து பேச முடியறதில்ல.

மேனுவலை விட்டுட்டு ஆட்டோமேட்டிக்லயே கத்துக்கலாமா? லைசென்ஸ் எடுக்குறப்ப ஆட்டிசம் இருக்குன்னு சொல்லியாகணுமா? சொந்தமா வண்டி வெச்சிருக்கறவங்க வாங்குறதுக்கு முன்னாடி என்னெல்லாம் பாத்தீங்க? எனக்கு இது ரொம்ப முக்கியம். பஸ்சுல கூட்டத்துல உரசிக்கிட்டு நிக்கறதே எனக்குப் பெரிய வேதனை, கதவை சாத்திட்டு நான் மட்டும் இருக்குற மாதிரி ஒரு இடத்துல உக்காந்து வேலைக்குப் போய் வரணும்னு அவ்வளவு ஆசை.

ஐந்தாவதுகியர்:

நானும் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்ல இருக்கறவன்தான், பல வருஷமா ஓட்டுறேன். ஆட்டோமேட்டிக் தாராளமா எடுங்க, அதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்ல. கிளட்சும் கியரும் பெரும்பாலானவங்களுக்கு கொஞ்ச நாள்ல உடம்புக்குத் தானா வந்துடும், நம்மள்ல நெறைய பேருக்கு கைகாலை ஒருங்கிணைக்கறதுலயே சிரமம் இருக்கும், அதனால அது தானா வர ரொம்ப நாளாகும், அதுவரைக்கும் பாதி மூளை இடது கால்லயே மாட்டிக்கிட்டு இருக்கும். அந்த வேலையைத் தூக்கிட்டா அந்த கவனம் அப்படியே ரோட்டுக்குக் கிடைக்கும். ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, பிரிட்டன் மாதிரி சில நாடுகள்ல ஆட்டோமேட்டிக்ல டெஸ்ட் பாஸ் பண்ணா அந்த லைசென்ஸ்ல மேனுவல் ஓட்ட முடியாது, உங்க இடத்துல ரூல் என்னன்னு முன்னாடியே கேட்டுடுங்க.

அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியாளர்கள் நியூ ஜெர்சி லைசென்ஸ் ரெக்கார்டுகளை வெச்சு இதப் பத்தி ஆய்வு பண்ணிருக்காங்க. அறிவுத்திறன் குறைபாடு இல்லாத ஆட்டிஸ்டிக் இளைஞர்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் 21 வயசுக்குள்ள லைசென்ஸ் எடுத்திருக்காங்க, மத்தவங்கள்ல அது 80 சதவீதத்துக்கும் மேல. ஆனா லேர்னர் பெர்மிட் வரைக்கும் வந்த ஆட்டிஸ்டிக் பசங்கள்ல பெரும்பாலானவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள லைசென்சும் வாங்கிட்டாங்க, அப்ப ஆரம்பிக்கறதுதான் பெரிய தடையா இருக்கு, நீங்க அதைத் தாண்டிட்டீங்க. 2021ல வந்த அடுத்த ஆய்வுல, புதுசா லைசென்ஸ் எடுத்த ஆட்டிஸ்டிக் டிரைவர்களோட விபத்து அளவு மத்தவங்க அளவுக்கேதான் இல்லன்னா அதவிடக் குறைவுன்னு வந்துச்சு, அதிவேகத்தால வர்ற விபத்தும் குறைவு, லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகறதும் குறைவு. வழி விடாததால வர்ற விபத்தும், லெஃப்ட் டர்ன், யூ டர்ன் எடுக்கும்போது வர்ற விபத்தும் மட்டும் மத்தவங்களைவிட அதிகம். அங்க ரோட்டோட வலது பக்கம் ஓட்டுறாங்க, அதனால லெஃப்ட் டர்ன்தான் எதிர்ல வர்ற வண்டிகளைக் குறுக்க தாண்டுற டர்ன். இடது பக்கம் ஓட்டுற நாட்டுல அதே சிக்கல் ரைட் டர்ன்ல வரும். அந்த ஒரு டர்னை மட்டும் தனியா எடுத்து, டிராஃபிக் கம்மியா இருக்குற நேரத்துல திரும்பத் திரும்பப் பழகுங்க. எனக்கு இன்னைக்கும் கடினமா இருக்குறது அதுதான்.

சொல்லணுமாங்கறது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன்ல ஓட்டுறதை பாதிச்சா மட்டும் சொன்னா போதும். 2019ல டிவிஎல்ஏ, அதாவது அங்க லைசென்ஸ் குடுக்கற அரசு அலுவலகம், எல்லா ஆட்டிஸ்டிக் டிரைவர்களும் கண்டிப்பா சொல்லணும்னு போட்டாங்க, பெரிய எதிர்ப்பு கிளம்பினதும் மாத்திட்டாங்க. ஃபார்ம்ல கேள்வி எப்படி கேட்டிருக்காங்கன்னு நிதானமா படிங்க, கேட்டதுக்கு உண்மையைச் சொல்லுங்க.

பொறுமைபோதும்:

எனக்கு ஆட்டிசம் இல்லைங்க, நான் டிரைவிங் சொல்லிக் குடுக்கறவன். ஆட்டிஸ்டிக் மாணவங்க சில பேருக்கு சொல்லிக் குடுத்திருக்கேன், நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு உங்க மாஸ்டர் மேலதான் கோவம் வந்துச்சு. வண்டி ஓடும்போது விளக்கம் சொல்லவே கூடாதுங்க. ஓரமா நிறுத்தணும், என்ன நடந்துச்சுன்னு பேசணும், வேணும்னா பேப்பர்ல படம் போட்டுக் காட்டணும், அப்புறம் மறுபடி கிளம்பணும். ஓடும்போது நான் முன்னாடியே பேசி வெச்ச சில வார்த்தைகளை மட்டும்தான் சொல்வேன். "பிரேக்"னா பிரேக், "ரெண்டாவது ரோட்டுல லெஃப்ட்"னா அது மட்டும்தான், அதையும் ரோடு கண்ணுல படுறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன். அந்த வார்த்தைகளை நீங்களே எழுதிக் குடுத்து "இதைத் தவிர வேற எதுவும் ஓடும்போது வேணாம்"னு கேக்கலாம், அது உங்க உரிமை.

இன்னொரு வழியும் இருக்கு, இதுல பேச வேண்டியது நீங்கதான். ஓட்டிக்கிட்டே கண்ணுல படுறதை சத்தமா சொல்லிட்டே வாங்க. "சிக்னல் மஞ்சள், கால் பிரேக் மேல, இடது மிரர்ல பைக், நின்ன கார்ல லைட் எரியுது, கதவு திறக்கலாம்" இப்படி. கவனம் எங்க போகுது, எதைத் தவற விடுறீங்கன்னு பக்கத்துல இருக்கறவருக்கும் தெரியும், அவர் நடுவுல பேசவும் தேவையில்ல. பேசிட்டே ஓட்டுறது சிலருக்கு இன்னும் சுமையாயிடும், அப்படின்னா முதல்ல பக்கத்து சீட்ல உக்காந்து வேற யாராவது ஓட்டும்போது சொல்லிப் பழகலாம்.

2010ல பிரிட்டன்ல ஒரு சின்ன ஆய்வுல ரோட்டு வீடியோ காட்டி ஆபத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க. ஆபத்துக்குக் காரணம் வண்டியா இருந்தப்ப ஆட்டிஸ்டிக் ஆட்களுக்கும் மத்தவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல, அதுவே நடக்கறவங்க மாதிரி ஒரு மனுஷன் கண்ணுல தெரியுற ஆபத்துன்னா ஆட்டிஸ்டிக் ஆட்கள் கண்டுபிடிச்சது குறைவு. நான் குடுத்த பயிற்சியிலயும் அதைப் பாத்திருக்கேன். அதனால முகத்தையும் கையசைவையும் படிக்கச் சொல்லி நான் வற்புறுத்தறதே இல்ல, மனுஷன்னா பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, வண்டின்னா முன் சக்கரம் எந்தப் பக்கம் உருளத் தொடங்குதுன்னு பாக்கச் சொல்வேன். சக்கரம் ஒரு விரல் அளவு நகந்தாலும் தெரியும். எதிராளி "நீங்க போங்க"ன்னு கையக் காட்டுனாலும் அதை நம்பி உடனே எடுக்காதீங்க, ரோடு காலியான்னு நீங்களே பாத்துட்டு எடுங்க, எவ்வளவு ஹாரன் அடிச்சாலும் சரி.

ஜன்னலோரம்:

நான் கத்துக்கிட்டு, லைசென்சும் எடுத்துட்டு, ஓட்ட வேணாம்னு முடிவு பண்ணவ. இதையும் யாராவது சொல்லணும்னுதான் எழுதறேன். எனக்கு சத்தமும் வெளிச்சமும் ஒரு அளவைத் தாண்டிடுச்சுன்னா கேக்கறது புரியாது, கை அசையாது, அது எப்ப வரும்னும் எனக்கு முன்கூட்டியே தெரியறதில்ல. வீட்ல உக்காந்திருக்கறப்ப அது என்னோட பிரச்சனை மட்டும்தான், ஸ்டியரிங் பிடிச்சிருக்கறப்ப அப்படி இல்லையே. உங்களுக்கு அந்த நிலை வர்றதுக்கு முன்னாடி ஏதாவது அறிகுறி தெரியுதாங்கறதுதான் நான் கேக்கற முதல் கேள்வி. தாடை இறுகுறது, வெளிச்சம் திடீர்னு கூசுறது, ஒரே மிரரை ரெண்டு மூணு தடவை பாத்தும் என்ன பாத்தோம்னு மனசுல ஏறாம போறது, இப்படி ஏதாவது. தெரிஞ்சா வண்டியை ஓரங்கட்ட நேரம் கிடைக்கும், தைரியமா கத்துக்கோங்க. தெரியலைன்னா ஒரு டாக்டர்கிட்டயோ, டிரைவிங்கை மதிப்பிடத் தெரிஞ்ச ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கிட்டயோ பேசிட்டு முடிவு பண்ணுங்க. ஓட்டலைன்னா நீங்க எதுலயும் கொறஞ்சு போயிட மாட்டீங்க தங்கம்.

பழையசெடான்:

வண்டி வாங்குறதைப் பத்தி யாரும் பேசல, நான் சொல்றேன். மைலேஜ், டிக்கி எல்லாம் அப்புறம். முதல்ல வண்டியோட சத்தத்தைக் கேளுங்க. டெஸ்ட் டிரைவ் போறப்ப சேல்ஸ்மேனை பேச வேணாம்னு சொல்லிட்டு இண்டிகேட்டர் போடுங்க, சீட் பெல்ட் போடாம ஒரு நிமிஷம் நிக்கற வண்டியில உக்காருங்க, ரிவர்ஸ் போட்டு சுவத்துக்கிட்ட போங்க, வைப்பரை எல்லா ஸ்பீடுலயும் ஓட விடுங்க. புது வண்டிகள்ல லேன் தாண்டினா பீப், ஸ்பீடு தாண்டினா பீப், முன்னாடி ஆள் வந்தா பீப்னு ஏகப்பட்டது இருக்கு, எது எதை அணைக்கலாம், அணைச்சா அணைச்சபடியே இருக்குமா இல்ல ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் திரும்ப வந்துடுமான்னு கேட்டு வாங்குங்க. எல்லாத்தையும் டச் ஸ்க்ரீன்ல ஒளிச்சு வெச்ச வண்டி எனக்கு ஒத்து வரல, ஏசிக்கும் வால்யூமுக்கும் தொட்டுத் திருகுற பட்டன் வேணும், கண்ணை ரோட்டுல இருந்து எடுக்காம விரல் தானா அங்க போகணும். புது பிளாஸ்டிக் வாசனை தாங்காதுன்னா கொஞ்சம் ஓடின வண்டி நல்லது.

ராத்திரி எதிர் ஹெட்லைட் கூசும்னு கண்ணுக்குப் போடுற மஞ்சள் கண்ணாடி வாங்கிடாதீங்க. 2019ல டிரைவிங் சிமுலேட்டர்ல பண்ண ஆய்வுல அந்தக் கண்ணாடி போட்டா இருட்டுல நடக்கறவங்க நல்லாத் தெரியறாங்கன்னு எந்த ஆதாரமும் கிடைக்கல. விண்ட்ஷீல்டை உள்பக்கம் நல்லா துடைச்சு வெச்சாலே வித்தியாசம் தெரியும், உள்ள படியுற மெல்லிய படலம்தான் லைட்டைப் பரப்பி விடுது.

சர்வீஸ் விட்டு வந்தா சீட்டு, மிரர், ஸ்டியரிங் உயரம் எல்லாம் மாத்தி வெச்சிருப்பாங்க. எனக்கு அது பெரிய அவஸ்தை. மெமரி சீட் இருந்தா நல்லது, இல்லைன்னா சீட் தண்டவாளத்துல சின்னதா டேப் ஒட்டிடுங்க, மிரர் கோணத்தை ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. இன்சூரன்ஸ், சர்வீஸ் புக்கிங் எல்லாம் ஆப்லயோ மெயில்லயோ பண்ற கம்பெனியா பாருங்க, ஃபோன்ல பேசற தொல்லை மிச்சம்.

போலீஸ் நிறுத்தினா என்ன பண்றதுன்னும் யோசிச்சு வையுங்க. அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல 2020ல இருந்து ஒரு நீலக் கவர் குடுக்கறாங்க, லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் உள்ள இருக்கும், ஓட்டுறவர் ஆட்டிஸ்டிக், அவர்கிட்ட எப்படிப் பேசணும்னு போலீசுக்கான குறிப்பு கவர் மேல இருக்கும். நம்ம இடத்துல இல்லைன்னாலும் எல்லா பேப்பரையும் ஒரே பையில வெச்சு, "எனக்கு ஆட்டிசம், பதில் சொல்ல கொஞ்சம் நேரம் ஆகும்"னு ஒரு கார்டு எழுதி மேல வெச்சுக்கலாம்.

மழைக்குருவி:

அழுகையே வந்துருச்சு, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஜன்னலோரம் அக்கா, எனக்கு அறிகுறி தெரியும், காதுக்குள்ள ஒரு அடைப்பு மாதிரி முதல்ல வரும், அது வந்து கொஞ்ச நேரம் கழிச்சுதான் மத்தது. ஆட்டோமேட்டிக்குக்கு மாறிடறேன். ஓட்டி முடிச்சதும் பேச முடியாம போறது மட்டும் குறையுமா?

ஐந்தாவதுகியர்:

எனக்குக் குறைஞ்சுது, முழுசாப் போகல. மிரர் பாக்கறது, இண்டிகேட்டர் போடுறதெல்லாம் யோசிக்காமலே நடக்க ஆரம்பிச்சப்புறம் களைப்பு பாதியாயிடுச்சு. அதுவரைக்கும் ஒரே ரூட்டுல ஓட்டுங்க, அது பழகினப்புறம் நேரத்தை மட்டும் மாத்துங்க, அதுக்கப்புறம் புது ரோடு, ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. ஏறினவங்ககிட்ட வண்டி நிக்கற வரைக்கும் பேச வேணாம்னு சொல்லிடுங்க. போய்ச் சேந்ததும் உடனே இறங்காம இன்ஜினை அணைச்சுட்டு கொஞ்ச நேரம் உள்ளயே உக்காருங்க, மீட்டிங் இருந்தா அதுக்கும் சேத்து முன்னாடியே கிளம்பிடுங்க. அந்தக் காது அடைப்பு ரோட்டுல வந்தா இண்டிகேட்டர் போட்டு நிறுத்தறதுக்கு இடம் இருக்குற பக்கமா ஒதுங்குங்க, அந்த ரூட்டுல அப்படி இடங்கள் எங்கெங்க இருக்குன்னு முதல்லயே மேப்ல பாத்துக் குறிச்சு வெச்சுக்கோங்க. அப்புறம் பொறுமைபோதும் சார் சொன்ன வார்த்தைகளை எழுதி அடுத்த கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க, உங்க மாஸ்டர் ஒத்துக்கலைன்னா வேற ஆளைத் தேடுங்க.