19 பேர், ஒரே வேன்: கோவையிலிருந்து கொல்லூர் வரை செலவை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: கோவைக் குடும்பம்

அனைவருக்கும் வணக்கம். வரும் கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் 19 பேர் கோவையிலிருந்து வேனில் புறப்பட்டு மைசூர், குக்கே சுப்ரமண்யா, தர்மஸ்தலா, உடுப்பி, கொல்லூர், சிருங்கேரி பார்த்துத் திரும்ப எண்ணியிருக்கிறோம். பெரியப்பா, பெரியம்மா உட்பட நான்கு முதியவர்களும் ஐந்து சிறு பிள்ளைகளும் வருகிறார்கள். ஐந்து குடும்பங்களுக்கும் வருமானம் ஒன்றுபோல் இல்லை. சித்தப்பா வீட்டில் ஒருவர் சம்பளம்தான். பணத்தை முன்னிட்டு யாருக்கும் மனத்தாங்கல் வந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. எத்தனை நாள் வைப்பது, வாடகையை எப்படிக் கணக்கிடுவது, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிப்பதா?

மறுமொழி: மேட்டுப்பாளையத்தார்

முதலில் வண்டியை முடிவு செய்யுங்கள். செலவில் பெரும்பகுதி அதற்குத்தான் போகும். வேன்காரரிடம் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் கணக்கு என்று கேளுங்கள். நீங்கள் சொல்லும் சுற்று, திம்பம் மலைப்பாதை வழியாகப் போய்த் திரும்பினால், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் வரும். நாளுக்கு 250 கிலோமீட்டர் என்றால் ஐந்து நாளுக்கு 1,250. ஓட்டமும் வாடகையும் பொருந்திப் போகும். ஆறாவது நாள் சேர்த்தால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் 1,500 கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்க வேண்டும். கிலோமீட்டருக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு நாள் 7,500 ரூபாய். அதன்மேல் டிரைவர் பேட்டா, அறை வாடகை. முதியவர்களுக்கு ஓய்வு வேண்டும் என்பதால் ஆறு நாளே நல்லது என்பது என் கருத்து, ஆனால் விலை தெரிந்து அந்த நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டர் கணக்கு உங்கள் வாசலிலிருந்தா, வேன் நிற்கும் ஷெட்டிலிருந்தா என்பதையும், டோல், பார்க்கிங், கர்நாடக வரி ஆகியவை யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் உள்ள வண்டியா என்றும் கேளுங்கள். இல்லாத வண்டிக்கு அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் காலை வெயில் ஏறுமுன் கடந்துவிடுங்கள். பண்ணாரி அம்மன் கோயிலில் வண்டியை நிறுத்தி, பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்காமல் இரண்டு இட்லியோடு ஏற்றினால் வாந்தித் தொல்லை குறையும். அந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு. திரும்பும்போது தாமதமானால் சாமராஜ்நகரில் திட்டமிடாத ஐந்தாறு அறைகளுக்குப் பணம் கட்ட நேரும்.

மறுமொழி: பல்லடம் அம்மா

சாப்பாட்டுக்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே ஆகும். தர்மஸ்தலா, குக்கே, கொல்லூர், சிருங்கேரி நான்கிலும் பக்தர்களுக்கு அன்னதானம் உண்டு. நேரத்துக்குப் போய்ச் சேரும்படி பயணத்தை அமைத்தால் மதியச் சாப்பாடு பெரும்பாலும் கோயிலிலேயே முடிந்துவிடும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை அங்கேயே அன்னதானக் காணிக்கையாகச் செலுத்துவது முறை. அதைத் தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். முதல் நாளுக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லலாம். தர்மஸ்தலாவில் கோயில் விடுதிகள் மலிவானவை என்றாலும் கோடை விடுமுறையில் நெரிசல் மிகும். முதியவர்களுக்குத் தரைத்தள அறையாகக் கேளுங்கள்.

இன்னொன்று முக்கியம். குக்கேயில் யாருக்காவது வேண்டுதல் இருக்கிறதா என்று புறப்படுமுன் விசாரியுங்கள். அங்கே நாக தோஷம் நீங்கச் செய்யும் சர்ப்ப சம்ஸ்காரம் இரண்டு நாள் பூஜை. ஒரு குடும்பத்துக்காக 19 பேரும் தங்கினால் வேன் வாடகை உட்பட எல்லாச் செலவும் ஒரு நாள் கூடும். அந்த நாளின் வாடகையை யார் ஏற்பது என்று அங்கே போய்ப் பேசினால் சாமி கும்பிடப் போன இடத்தில் மனம் கசக்கும்.

மறுமொழி: தாராபுரத்து ஆசிரியர்

பிரிப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே விதமாகப் பிரிக்க வேண்டியதில்லை. வேன், டோல், பேட்டா ஆகியவற்றை இருக்கைக்கு ஏற்பப் பிரிக்கலாம், ஏனெனில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஓர் இருக்கை வேண்டும். அறையை எடுத்த குடும்பமே அதன் வாடகையைக் கொடுக்கட்டும். சாப்பாட்டில் பிள்ளைகளுக்கு அரைப்பங்கு போதும். அர்ச்சனை, சேவை, கடைத்தெருச் செலவு அவரவர் பை.

முதியவர்கள் நால்வரின் பங்கைச் சம்பாதிக்கும் பிள்ளைகள் முன்னதாகவே தங்களுக்குள் பேசி ஏற்றுக்கொள்ளுங்கள். சித்தப்பா வீட்டுக்கு உதவ வேண்டுமென்றால், பெரியப்பாவே வேனுக்கான முன்பணத்தை எல்லோருக்குமான அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம். யாருக்கு எவ்வளவு குறைந்தது என்ற கேள்வி எழாது. பணத்தை ஒருவர் கையில் வைத்து, இன்னொருவர் கணக்கு எழுதட்டும். ஒவ்வொரு இரவும் அன்றைய செலவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும்.

கோவைக் குடும்பம்

மூவருக்கும் மிக்க நன்றி. அத்தைக்குக் குக்கேயில் வேண்டுதல் இருப்பது இப்போது விசாரித்த பிறகுதான் தெரிந்தது. அத்தையும் மாமாவும் இரண்டு நாள் முன்னதாகவே ரயிலில் மங்களூர் போய், அங்கிருந்து பேருந்தில் குக்கே சேர்ந்து, பூஜையை முடித்துக்கொண்டு எங்களோடு வேனில் ஏறிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

மறுமொழி: மேட்டுப்பாளையத்தார்

நல்ல ஏற்பாடு. அவர்கள் இருவரிடமும் குக்கே வரையிலான வேன் பங்கைக் கேட்காதீர்கள், அங்கே ஏறிய பிறகுள்ள பங்கை மட்டும் வாங்குங்கள். பூஜைக்கான முன்பதிவு கிடைத்த தேதியை உறுதி செய்துகொண்ட பிறகே வேனுக்கு முன்பணம் கொடுங்கள்.