நன்னடத்தைக் கண்காணிப்பில் தானியங்கிச் செயலி உதவுமா?

கேள்வி (இளம் வழக்கறிஞர், நாகர்கோவில்):
1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் சிறைக்கு அனுப்பப்படாமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடுவிக்கப்படுவோருக்கு, அந்த அலுவலரைச் சந்திக்க வேண்டிய நாளை நினைவூட்டும் குரல் அழைப்பையும், விசாரணைக் குறிப்புகளை அறிக்கையாக வரைந்துதரும் செயலியையும் பயன்படுத்தலாமே என்று தோன்றுகிறது. களப்பணி அறிந்தவர்கள் இதிலுள்ள சிக்கல்களைச் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர், தக்கலை):
நினைவூட்டலை வரவேற்கிறேன்; ஆனால் அழைப்பை எடுக்காத ஒருவரை 'வரவில்லை' என்று இயந்திரமே பதிவுசெய்வதுதான் ஆபத்து. தூத்தூர்க்காரர் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் சிக்னலே இருக்காது. குலசேகரத்தில் விடியுமுன் தலைவிளக்கோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவர், அலுவலகம் அழைக்கிற நண்பகலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். மேலும், 21 வயதுக்குட்பட்டவரைப் பற்றி 6ஆம் பிரிவின்படி நீதிமன்றம் கேட்கும் அறிக்கையில் நான் எழுதியவற்றில் பாதி, அவர் வீட்டு முற்றத்தில் நின்றபோது கண்ணில் பட்டவை.

மறுமொழி (சட்டப் பேராசிரியை):
அந்த அறிக்கை இரகசியமானது என்று 7ஆம் பிரிவு கூறுவதால், வெளிநிறுவனச் செயலியில் அதை ஏற்றுவது எனக்கு ஏற்புடையதல்ல. பிணையில் விடப்பட்டவர் கூகுள் மேப்ஸில் தன் இருப்பிடத்தைக் காவல்துறைக்குத் தொடர்ந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை, அது அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீக்கியதையும் பாருங்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 2016இல் குற்றவாளி மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பைக் கணிக்கும் 'காம்பஸ்' என்னும் மென்பொருளின் இடர் மதிப்பெண்ணை அனுமதித்தபோதும், தண்டனையை அது மட்டுமே தீர்மானிக்கக் கூடாது என்றது.

கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி அம்மா. நினைவூட்டலோடு நிறுத்திக்கொள்ளும்படி என் முன்மொழிவைத் திருத்துகிறேன்; கடலுக்குச் செல்லும் நாட்களை முன்கூட்டியே குறித்துவைக்க ஓர் இடமும் சேர்க்கிறேன்.