தோளில் ஆங்கர் போட்டவர்கள் இருக்கீங்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

காரைக்குடி, மரவேலை, வயது 52

ஆவணியில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில் நிலையைக் கழற்றிக்கொண்டிருந்தோம். பர்மா தேக்குக் கதவு என் பக்கம் சாய்ந்தது. வலது கையால் தாங்கினேன், தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு வாரத்தில் வலி அடங்கிவிட்டது, ஆனால் கை தூக்கவே வரவில்லை. சட்டை மாட்டிவிடக்கூட வீட்டம்மா வேண்டும். எண்ணெய்க்கட்டு போட்டு ஒரு மாதத்தை வீணாக்கியதையும் சொல்லிவிடுகிறேன். எம்ஆர்ஐயில்தான் தெரிந்தது, தோள் உச்சியில் இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநார் எலும்பிலிருந்து பிய்ந்து உள்வாங்கிக் கிடக்கிறது என்று.

ஐப்பசியில் மதுரையில் ஆர்த்ராஸ்கோப்பி செய்தார்கள். சின்னச் சின்னத் துளைகள்தான், ஒன்றில் கேமரா, மற்றதில் கருவி. என் தொழில் தெரிந்ததும் டாக்டர் என் பாஷையிலேயே சொன்னார்: "சுவரில் பிளக் அடித்து ஸ்குரு போடுறீங்களே, அதேதான்." ஆங்கர் என்பது ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் மரை வைத்த ஒரு முளை. அதன் காதில் கெட்டி நூல் கோத்திருக்கும். எலும்பில் தமர் (துளை) போட்டு அதை இறக்கி, நூலைத் தசைநாருக்குள் வாங்கி, நார் எலும்போடு படிகிற மாதிரி இழுத்து முடிச்சுப் போடுவார்களாம். நேராக இறக்குவீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "மாடு கட்டுற முளையை எப்படி அடிப்பீங்க?" என்றார். மாடு இழுக்கும் பக்கத்துக்கு எதிராகச் சாய்த்துத்தானே அடிப்போம். இதுவும் அப்படியே, சுமார் 45 டிகிரி சாய்வு.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. தையல் பிரிக்கப் போனபோது எடுத்த எக்ஸ்ரேயை என் மச்சான் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஆங்கர்னு பில் போட்டிருக்காங்க, படத்துல ஒன்னையும் காணோமே!" என்று குதித்தார். நானும் சேர்ந்து சண்டைக்குப் போய்விட்டேன். எனக்குப் போட்டது பீக் என்ற பிளாஸ்டிக், எக்ஸ்ரேயில் தெரியாதாம். டைட்டானியமாக இருந்தால் வெள்ளையாகத் தெரிந்திருக்கும். டிஸ்சார்ஜ் தாளைப் புரட்டி, அதில் ஒட்டியிருந்த இரண்டு ஆங்கரின் ஸ்டிக்கரையும் காட்டினார்கள். மச்சான் டீ குடிக்கப் போய்விட்டார்.

இப்போது ஆறாவது வாரம், வலியே இல்லை. ஒரு பூஜையறைக் கதவுக்குச் சிற்பவேலை காத்திருக்கிறது. எலும்பில் முளையே இறக்கியாச்சு, இனி என்ன பயம் என்று தோன்றுகிறது. சீக்கிரமே வேலைக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா?

சிராவயல் பக்கம், வயது 24

அண்ணே, எனக்கு மஞ்சுவிரட்டில் தோள் இறங்கியது. அதோடு விட்டதா, அப்புறம் தூக்கத்தில் புரண்டால்கூட இறங்க ஆரம்பித்துவிட்டது. தோள் மூட்டுக் கிண்ணத்தின் விளிம்புச் சவ்வு பிய்ந்திருந்ததாம். மூன்று ஆங்கர் போட்டார்கள், மூன்றும் வெறும் நூல். ஸ்குருவே கிடையாது. துளைக்குள் விட்டு இழுத்தால் நூலே உருண்டு திரண்டு உள்ளே மாட்டிக்கொள்ளுமாம். நான் நாலு மாதம் வண்டிகூட ஓட்டவில்லை.

தேவகோட்டை

போகாதீர்கள் அண்ணே. எங்கள் ஆத்தாவுக்கு 68 வயது, உங்களுக்குச் செய்த அதே ஆபரேஷன். ஐந்தாவது வாரம் வீட்டில் கல்யாணப் பலகாரம் நடந்தது. மற்றவர்கள் பிழிவது ஆத்தாவுக்குப் பிடிக்கவில்லை. கையைத் தாங்கும் தூளியைக் கழற்றி வைத்துவிட்டு, "ரெண்டே ஈடு" என்று தேன்குழல் கட்டையைக் கையில் எடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. எக்ஸ்ரேயில் டைட்டானிய ஆங்கர் ஒன்று குழியை விட்டு எழும்பி நின்றது பளிச்சென்று தெரிந்தது. வயதான எலும்பு கரையான் அரித்த மரம் மாதிரி, மரை பிடிக்காது என்றார் டாக்டர். மறுபடி மயக்கம், மறுபடி ஆபரேஷன், இந்த முறை கொஞ்சம் பெரிய ஆங்கர்.

அப்போது அவர் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். ஆங்கர் பிடித்திருப்பது நூலை. நூல் பிடித்திருப்பது நாரை. நாரை எலும்போடு ஒட்டவைப்பது உடம்புதான், அதற்கு மூன்று மாதமாவது ஆகும். வலி போனது ஒட்டியதற்கு அடையாளம் இல்லை.

காரைக்குடி, பிசியோதெரபி

என்னிடம் வருகிறவர்களில் அவசரக்காரர்கள் எல்லாம் ஆறாவது வாரத்தில்தான் மாட்டுகிறார்கள். பெரிய கிழிசல் என்றால் டாக்டர் இன்னும் தள்ளிப்போடுவார், பொதுவாக ஆறு வாரம் வரை அடுத்தவர் கைதான் உங்கள் கையைத் தூக்க வேண்டும். அப்புறம் நீங்களே தூக்கலாம், வெறுங்கையாக. பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடை. கொட்டாப்புளி பிடித்து உளியில் அடிப்பதற்கு ஆறு மாதம் ஆகட்டும். விரல், மணிக்கட்டு, முழங்கையை மட்டும் தினமும் அசைத்துக்கொண்டே இருங்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் விடுங்கள், ஒட்டுவதை அது தாமதமாக்கும். ராத்திரி படுக்க முடியாவிட்டால் சாய்வு நாற்காலி நல்லது.

காரைக்குடி, மரவேலை

தேவகோட்டைக்காரருக்கு நன்றி. பூஜையறைக் கதவு சித்திரைக்குத்தான் என்று சொல்லிவிட்டேன், சரி என்று அரை மனதாகச் சொன்னார்கள். உளி இப்போது மகன் கையில். நான் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் பென்சில் கோடு போட்டுக் கொடுக்கிறேன். யாளியின் துதிக்கை வாத்துக் கழுத்து மாதிரி வருகிறது.