இத்தாலியில் ஒரு வாரம் தங்கி சமையல் கற்க ஆசை, முட்டை சாப்பிட மாட்டேன்: பியட்மாண்ட்டா, டஸ்கனியா?

மஞ்சக்குப்பம்_அடுப்பு

வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பம். மகள் டுரினில் படிக்கிறாள். வருகிற செப்டம்பர் கடைசியில் நானும் அவள் அப்பாவும் போய் மூன்று வாரம் இருக்கப் போகிறோம். அதில் ஒரு வாரம் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பண்ணை வீட்டில் தங்கி, காலையில் சமையல் கற்றுக்கொண்டு மாலையில் ஊரைப் பார்க்கலாம் என்கிறாள். அவள் பார்த்து வைத்திருப்பது டுரின் இருக்கிற அதே பியட்மாண்ட் மாநிலத்தில், ஆல்பா பக்கம், லாங்கே என்கிற குன்றுப் பகுதி, டுரினிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்.

நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அவர் எல்லாம் சாப்பிடுவார், ஒயின் ருசி பார்க்கவும் ஆசை. நான் குடிக்க மாட்டேன். முப்பது வருஷமாக அடுப்படியில் நிற்கிறேன், வேறு ஊர்க்கார அம்மா ஒருத்தி எப்படி மாவு பிசைகிறாள் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் இவ்வளவு பணம் கட்டிப் போய், எல்லோரும் தாங்கள் செய்ததை உட்கார்ந்து சாப்பிடும்போது நான் ரொட்டியும் தக்காளியும் தின்றுவிட்டு வர வேண்டியிருக்குமோ என்று பயம். முட்டி வலியும் உண்டு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை_வடகம்

அக்கா, நானும் என் கணவரும் இரண்டு வருஷத்துக்கு முன் அதே லாங்கேக்குத்தான் போனோம், ஆறு நாள். எனக்கு அது வாழ்க்கையில் மறக்க முடியாத வாரம், ஆனால் நான் எல்லாம் சாப்பிடுகிறவள். உங்களுக்கு அந்த ஊரை நான் சொல்ல மாட்டேன், ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

அந்த ஊர்ப் பெருமையே மஞ்சள் கருதான். தாயரின் என்று மெல்லிசாக வெட்டுகிற பாஸ்தா, ஒரு கிலோ மாவுக்கு முப்பது, நாற்பது மஞ்சள் கரு கூடப் போடுவார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டி தண்ணீர்ப் பாத்திரத்தையே பக்கத்தில் வைக்கவில்லை. அடுத்த நாள் அன்யொலோத்தி தெல் பிளின். பிளின் என்றால் அவர்கள் பேச்சில் கிள்ளுவது, நாம் சோமாசிக்கு ஓரம் மடிக்கிறோமே, அந்த மாதிரி விரலால் கிள்ளி மூடுவார்கள். உள்ளே இறைச்சி. மூன்றாம் நாள் பான்யா கௌதா, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் உப்பில் ஊறிய நெத்திலி வகை மீனும் சேர்த்து மெதுவாகக் கரைய வைத்து, காய்கறியைத் தோய்த்துச் சாப்பிடுவது. கடல் பக்கத்திலேயே இல்லாத மலைக்காரர்கள் நெத்திலியை இப்படிக் கொண்டாடுகிறார்களே என்று எனக்கு ஆச்சரியம், கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) கருவாட்டு வாசனை நினைவுக்கு வந்துவிட்டது. பாருங்கள், மூன்று நாளில் உங்களுக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் கூட குஜராத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள், சைவம் என்று முன்கூட்டியே எழுதியும் இருந்தார்கள். ஆனாலும் ரிசோத்தோ என்கிற குழைந்த அரிசிச் சாப்பாட்டில் மாட்டுக் கறி வேகவைத்த சாறு ஊற்றியிருந்தது பாதி சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டுக்காரர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, துண்டு கறி இல்லையென்றால் அது சைவம் என்று நிஜமாகவே நினைத்திருந்தார்கள். அந்த அம்மா முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அவருக்கு ஒயின் ஆசை என்றால் ஒரே ஒரு நாள் டுரினிலிருந்து பரோலோ போய் வாருங்கள். அந்த ஊர்ப் பெயரிலேயே வரும் பரோலோ ஒயின் நெபியோலோ என்கிற திராட்சை மட்டும் வைத்துச் செய்வது, விற்பனைக்கு வருவதற்குள் குறைந்தது 38 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குன்றுகளே 2014 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன, பார்க்கவே போகலாம். நெபியோலோவைக் கடைசியாகத்தான் பறிப்பார்கள், பெரும்பாலும் அக்டோபரில். அப்போதே ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் விலை உயர்ந்த காளான் வகை) சந்தையும் தொடங்கிவிடும், அறை வாடகை ஏறிவிடும்.

சில்வர்பீச்_காற்று

டஸ்கனி போங்கள். அதிலும் ஃப்ளோரன்ஸ் பக்கம் இல்லை, தெற்கே, மோந்தெபுல்சானோ, வால் தோர்ச்சா பக்கம்.

காரணம் பீச்சி. தடிமனான பாஸ்தா, கோதுமை மாவும் தண்ணீரும்தான், பல வீடுகளில் முட்டையே சேர்க்க மாட்டார்கள். ஒவ்வொரு இழையையும் பலகையில் உள்ளங்கையால் உருட்டி நீட்ட வேண்டும். கைமுறுக்கு சுற்றத் தெரிந்த கைக்கு அரை மணி நேரத்தில் வந்துவிடும், நான் பார்த்தேன், எங்கள் வகுப்பில் ஜெர்மன்காரர்கள் திணறினார்கள், என் அம்மா முதல் தட்டிலேயே சரியாக உருட்டினார். அதற்குச் சேர்க்கும் அல்யோனே சாஸ் தக்காளியும் பெரிய பல் பூண்டும் மட்டும். பழைய ரொட்டியும் தக்காளியும் சேர்த்த பாப்பா அல் பொமொதோரோ, பீன்ஸும் கருங்கீரையும் ரொட்டியும் போட்டு மறுபடி கொதிக்க வைக்கும் ரிபொல்லிதா, எல்லாம் ஏழை வீட்டுச் சமையல். மிச்ச ரொட்டியை வீணாக்கக் கூடாது என்று வந்தவை, நம் பழைய சோறு மாதிரி. அந்த ஊர் ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், முதல் நாள் அம்மா ஊறுகாய் தேடினார்.

ஒயினுக்கும் குறைவில்லை. அங்கே சான்ஜொவேஸே திராட்சை, பக்கத்தில் மோந்தால்சினோவில் புருனெல்லோ என்கிற ஒயின். ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. மோந்தெபுல்சானோ ஊர் குன்றின் உச்சியில், தெரு முழுக்க கல் பாவிய ஏற்றம். முட்டி வலி என்றால் ஊருக்குள் தங்காதீர்கள், கீழே பண்ணையில், தரைத்தள அறை என்று எழுதிக் கேளுங்கள். சொந்தமாக விவசாயம் செய்கிறவர்கள் நடத்தும் விடுதிக்குத்தான் அக்ரிதுரிஸ்மோ என்று பெயர், நீங்கள் சொல்கிற அம்மாக்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

மஞ்சக்குப்பம்_அடுப்பு

படிக்கப் படிக்க நிம்மதியாக இருக்கிறது. கைமுறுக்கு என் மாமியார் சொல்லிக்கொடுத்தது, தீபாவளிக்கு இன்னும் நான்தான் சுற்றுகிறேன். அப்புறம் சீஸ்? சீஸ் சைவம்தானே?

முத்தியால்பேட்டை_வடகம்

அக்கா, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பார்மிஜானோ (பார்மேசன்) சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைத்தான் போட வேண்டும் என்பது அவர்கள் விதி. பெக்கொரீனோ என்கிற செம்மறி ஆட்டுப்பால் சீஸிலும் பெரும்பாலும் விலங்கு உறைபொருள்தான். பீச்சிக்கு சீஸ் இல்லாமல் எண்ணெயில் வறுத்த ரொட்டித்தூள் தூவும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கேளுங்கள், அவர்களுக்கே சந்தோஷமாக இருக்கும்.

மூன்று சொல் மனப்பாடம் செய்யுங்கள். சென்ஸா உவோவா, முட்டை வேண்டாம். சென்ஸா கார்னே, கறி வேண்டாம். சென்ஸா ப்ரோதோ தி கார்னே, கறிச் சாறு வேண்டாம். மூன்றாவதுதான் முக்கியம். வெறும் 'வெஜிடேரியன்' என்று எழுதாதீர்கள். என்னென்ன சாப்பிட மாட்டீர்கள் என்று பெயர் பெயராக எழுதி, பணம் கட்டுவதற்கு முன்னாலேயே ஆறு நாள் சமையல் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தயங்குகிற இடம் வேண்டவே வேண்டாம்.

ஓ.டி_மாலுமி

பயணம் பற்றி மட்டும். டுரினிலிருந்து ஃப்ளோரன்ஸ் அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம், அங்கிருந்து கியூசி ஸ்டேஷன். அதற்கு மேல் பஸ் குறைவு, பண்ணைக்காரரையே அழைத்துப்போகச் சொல்லுங்கள், அந்தக் காசை முதலிலேயே பேசிவிடுங்கள். விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள் வரை இழுக்காதீர்கள். கட்டணம் 2024 ஜூனிலிருந்து ஒருவருக்கு 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் 'ஒன்றும் வேண்டாம், டிக்கெட் போட்டால் போதும்' என்பார்கள், அது அவர்களுக்குத்தான்.

மஞ்சக்குப்பம்_அடுப்பு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மகளிடம் பேசிவிட்டேன். பரோலோ ஒரு நாள், அது அவருக்கு. டஸ்கனி ஆறு நாள், அது எனக்கு. இரண்டு பண்ணைகளுக்குப் பட்டியல் கேட்டு அவளே இத்தாலியனில் எழுதியிருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. சொல்லிக்கொடுக்கப் போகும் அம்மாவுக்கு நம் ஊர்ப் பொருள் ஏதாவது கொண்டுபோக ஆசை. பண்ருட்டி முந்திரியும் வீட்டில் உருக்கிய நெய்யும் என்று நினைத்திருக்கிறேன், சரியா?

முத்தியால்பேட்டை_வடகம்

நெய் வேண்டாம் அக்கா, வெளிநாட்டிலிருந்து பால் பொருளைப் பையில் கொண்டுவர ஐரோப்பிய யூனியனில் அனுமதி இல்லை, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். வறுத்த முந்திரி, கடையில் பாக்கெட் போட்டதாக வாங்குங்கள். முறுக்கு அச்சு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், அரிசி மாவு அங்கே கடையில் கிடைக்கும், ஒரு மாலை நீங்கள் அவர்களுக்குப் பிழிந்து காட்டலாம்.