‘டவர் இல்லை’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. போன வாரம் ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் பஸ்ஸில் இருந்தேன். 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதோ பத்தாவதோ திரும்பும்போது, அமெரிக்காவில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளர் கூப்பிட்டார். "ஹியர் டவர் இஸ் நாட் கமிங் சார்" என்றேன். "விச் டவர்?" என்று கேட்டார் மனிதர். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

நமக்கு டவர் என்றால் சிக்னல். அவருக்கு அது வெறும் கோபுரம். தேடிப் பார்த்தேன். "ஐ ஹாவ் நோ சிக்னல்" எங்கேயும் புரியுமாம். அமெரிக்கர்கள் "சர்வீஸ்", "ரிசெப்ஷன்" என்றும் நிறையச் சொல்கிறார்கள். திரையில் ஒரே ஒரு கோடு நின்றால் "ஐ ஒன்லி ஹாவ் ஒன் பார்". (பார் என்றதும் எனக்கு வேறு ஞாபகம் வந்தது, விடுங்கள்.) குரல் விட்டு விட்டுக் கேட்டால் "யூ ஆர் பிரேக்கிங் அப்". நான் இத்தனை நாளாக "யுவர் வாய்ஸ் இஸ் பிரேக்கிங்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

கவரேஜ் என்பது அந்த இடத்துக்கு, ரிசெப்ஷன் என்பது கையில் இருக்கும் போனுக்கு என்று புரிந்துகொண்டது சரிதானா? கோடு முழுசாக இருந்தும் நெட் நகராதபோது என்ன சொல்வார்கள்? அப்புறம், "நெட்வொர்க் பிராப்ளம்" என்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கோளாறு என்று நினைத்துவிடுவார்களா?

வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கே காதில் விழுவதை அப்படியே எழுதுங்கள். வியாழக்கிழமை அவரோடு மறுபடி பேச வேண்டும், அதுவும் மலையிலிருந்துதான்.