கைலி மினோக்கின் முதல் ஆல்பம்: மக்கள் வாங்கியது முகத்தையா, பாட்டையா?

மஞ்சக்குப்பத்தான் (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் நாங்கள் சில நண்பர்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஒரு ஆல்பத்தை முதற்பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை இடையில் நிறுத்தாமல் கேட்டுவிட்டு, அதைப் பற்றி விரிவாகப் பேசுவது வழக்கம். இதுவரை திரையிசையையும் கர்நாடக இசையையும்தான் பெரும்பாலும் எடுத்துக்கொண்டோம். அடுத்த கூட்டத்தில் மேற்கத்திய பாப் இசையிலிருந்து ஒன்றை அறிமுகப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 1988 ஜூலையில் வெளிவந்த கைலி மினோக்கின் முதல் ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அதன் பெயரே ‘கைலி’தான், பத்துப் பாடல்கள், முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு.

அப்போது அவருக்கு வயது 20. ஆஸ்திரேலியாவின் ‘நெய்பர்ஸ்’ என்ற நெடுந்தொடரில், பணிமனையில் மெக்கானிக்காக வேலை பழகும் சார்லீன் என்ற பெண்ணாக நடித்து, அந்நாட்டிலும் பிரிட்டனிலும் வீட்டுக்கு வீடு அறியப்பட்டவராக இருந்தார். பிரிட்டனில் இந்த ஆல்பம் முதலிடத்துக்குச் சென்று, ஓராண்டுக்கும் மேலாக விற்பனைப் பட்டியலில் நின்றது. அதிலிருந்து அங்கே தனியாக வெளியான நான்கு பாடல்களில் ஒன்று முதலிடத்தையும் மற்ற மூன்றும் இரண்டாம் இடத்தையும் பிடித்தன. ஆனால் அதே காலத்தில் பத்திரிகைகள் அவரைப் பாடும் கிளிக்குஞ்சு என்று ஏளனம் செய்தன. பாடல்கள் ஆலையில் அச்சிட்டுத் தள்ளிய சரக்கு என்றும், தொடரின் புகழ் இல்லாவிட்டால் இந்தக் குரலை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றும் விமர்சகர்கள் சொன்னார்கள்.

எனக்கு இந்த ஆல்பம் உண்மையாகவே பிடித்திருக்கிறது. ஆனால், கூட்டத்தில் எழக்கூடிய முதல் கேள்வி எனக்குத் தெரியும்: மக்கள் அதை வாங்கியது சார்லீனின் முகத்துக்காகவா, அல்லது பாடல்களுக்காகவா? இதற்கு விருப்பு வெறுப்பைத் தாண்டி, சான்றோடு ஒரு விடை சொல்ல முடியுமா? அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

முத்தியால்பேட்டை ஒலிநாடா (புதுச்சேரி):

ஐயா, நல்ல கேள்வி. இதற்கு விடை காண ஒரு வழி இருக்கிறது: அந்தத் தொடரைப் பார்த்திராத நாடுகளில் இந்தப் பாடல்களுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1988இல் அந்நாட்டு மக்களுக்கு ‘நெய்பர்ஸ்’ என்றால் என்னவென்றே தெரியாது, சார்லீனைத் தெரியாது, கைலி என்ற பெயரும் புதிது. அப்படிப்பட்ட இடத்தில் ‘தி லோகோமோஷன்’ பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. அது முகத்தால் கிடைத்த இடம் அல்ல. ஆனால் இந்தச் சான்றின் மறுபாதியையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ‘லோகோமோஷன்’ 1962இல் லிட்டில் ஈவா பாடி அமெரிக்காவில் முதலிடம் பெற்ற பழைய பாட்டு; அந்நாட்டாரின் காதுக்கு மெட்டு முன்பே பழக்கம். கைலிக்கென்றே எழுதப்பட்ட ‘ஐ ஷுட் பி ஸோ லக்கி’ அங்கே 28ஆம் இடத்தோடும், ‘இட்ஸ் நோ சீக்ரெட்’ 37ஆம் இடத்தோடும் நின்றுவிட்டன. ஆல்பம் 53ஐத் தாண்டி மேலே போகவில்லை. ஆகவே முகத்தின் துணை இல்லாதபோது இந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது ஒரு பெரிய வெற்றியும், அதன் பின் நடுத்தரமான ஒரு வரவேற்பும் என்று கொள்ளலாம்.

ஜப்பான் இன்னும் சுவையான சான்று. ஆல்பத்தில் உள்ள ‘டர்ன் இட் இன்ட்டு லவ்’ என்ற பாடலை விங்க் என்ற இரு பெண்கள் குழு அதே ஆண்டில் ஜப்பானிய மொழியில் பாடி வெளியிட, அது அந்நாட்டுப் பட்டியலின் உச்சிக்குச் சென்றது. அங்கே கைலியின் முகமும் இல்லை, குரலும் இல்லை. மெட்டு மட்டுமே தன் காலில் நின்றது. பிரிட்டனில் இதே பாடலைக் கைலியின் குரலில் தனிப்பாடலாக வெளியிடவே இல்லை என்பது என்னுடைய நெடுநாள் மனக்குறை. ஆல்பத்தின் மிகச் சிறந்த பாட்டு அதுவே என்பது என் கருத்து.

பாடல்கள் உருவான விதத்தையும் உங்கள் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மன் என்ற மூவர் கூட்டணி லண்டனில் அப்போது வாரந்தோறும் பாட்டு உருவாக்கித் தந்துகொண்டிருந்தது. ரிக் ஆஸ்ட்லியின் புகழ்பெற்ற 1987ஆம் ஆண்டுப் பாடலும் அவர்கள் கைவண்ணமே. ஆஸ்திரேலியாவில் ‘லோகோமோஷன்’ ஏழு வாரம் முதலிடத்தில் இருந்த வெற்றியோடு கைலி லண்டனுக்கு வந்தபோது, அவர் வருவதையே அவர்கள் மறந்துபோயிருந்தார்கள். ஊர் திரும்பும் நேரம் நெருங்க, அவரை வெளியே காத்திருக்க வைத்துவிட்டு, ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் ‘ஐ ஷுட் பி ஸோ லக்கி’யை எழுதி முடித்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாட்டுத்தான் பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒத்திகைக்கு நேரமே இல்லாமல், அப்போதுதான் கையில் கிடைத்த ஒரு மெட்டைச் சுருதி பிசகாமலும் தாளம் நழுவாமலும் முகமலர்ச்சியோடு பாடிக் கொடுத்துவிட்டுப் போன பெண்ணைப் பாடத் தெரியாதவர் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. படப்பிடிப்பில் வசனத்தை வாங்கிய உடனே பேசிப் பழகியவருக்குக் கைவந்த திறமை அது என்றே நினைக்கிறேன்.

குருசுக்குப்பத்து வாசகி (புதுச்சேரி):

தம்பி, மேலே எழுதியவர் பட்டியல் எண்களைக் கொண்டு நன்றாகவே விளக்கியிருக்கிறார். கேட்டவர்கள் யார் என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் பல உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த என் பெரியம்மா மகள் கொண்டுவந்த பொருள்களில் இந்த ஆல்பத்தின் கேசட்டும் இருந்தது. அந்தத் தொடரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அட்டையில் தொப்பியோடு சிரிக்கும் பெண் ஒரு நடிகை என்பதே பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. ‘ழ நெ சே பா பூர்க்வா’ என்ற பாட்டின் பல்லவியில் வரும் பிரெஞ்சு வரியை மட்டும் தெரு முழுக்கக் கேட்கும்படி பாடுவோம். பாட்டின் மற்ற வரிகள் ஆங்கிலம். அவை எங்களுக்கு ஓசையாகவே இருந்தன. ஆனாலும் அந்தக் குரலில் ஒரு பெண் தன் வயதுத் தோழியிடம் மனத்தில் இருப்பதை மறைக்காமல் சொல்லும் நெருக்கம் இருந்ததை நாங்கள் உணர்ந்தோம். மேடையில் நின்று பாடுபவரின் குரலாக அது இல்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் குரலாக இருந்தது.

இந்த ஆல்பத்தைப் பெருமளவில் வாங்கியவர்கள் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள். விமர்சனம் எழுதியவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். முகத்துக்காக வாங்கினீர்களா, பாட்டுக்காக வாங்கினீர்களா என்ற கேள்வி எப்போதும் பெண் பிள்ளைகளின் ரசனையை நோக்கியே கேட்கப்படுகிறது. கிதார் வாசிக்கும் ஆண்களின் சுவரொட்டியை அறையில் ஒட்டி வைக்கும் பையன்களிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. இது என் மனத்தை நீண்ட காலமாக வருத்தி வரும் விஷயம் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

நடிப்பவர் பாடினால் ஐயப்படும் வழக்கம் நமக்கும் பிற்பாடு வந்ததுதான். கே.பி. சுந்தராம்பாள், பாகவதர், சின்னப்பா ஆகியோர் காலத்தில் பாடத் தெரியாதவர் கதாநாயகராக வருவதே அரிது. பின்னணிப் பாடகர்கள் வந்து நிலைத்த பிறகும் பானுமதி அம்மா தன் பாட்டைத் தானே பாடினார். இன்று நம் சின்னத்திரையில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. நாம் நாள்தோறும் பார்க்கும் தொடர் நடிகைகள் பலருக்குப் பேசும் குரலையே டப்பிங் கலைஞர்தான் கொடுக்கிறார். அவர்களில் ஒருவர் நாளை தனிப்பாடல் ஒன்றை வெளியிட்டால், அவருடைய சொந்தக் குரலை நாம் முதன்முதலாகக் கேட்பதே அதில்தான் இருக்கும். கைலியின் நிலை வேறு. வாரத்தில் ஐந்து நாள் அவர் பேசிக் கேட்ட பிள்ளைகள், அதே குரல் பாடியபோது அதை அடையாளம் கண்டு வரவேற்றார்கள். முகத்தோடு வந்த பழக்கம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. குரலோடு வந்த பழக்கமும் அதில் இருக்கிறது.

கெடிலக்கரை (கடலூர்):

மூவருடைய பதிவுகளையும் படித்தேன். ஆல்பத்தின் மீது அன்பு இருப்பது நல்லதே. ஆனால் விமர்சகர்கள் சொன்னதில் உண்மையே இல்லை என்பதுபோல் பேச்சு போவதால் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன்.

பத்துப் பாடல்களையும் தொடர்ந்து கேளுங்கள். தாள இயந்திரத்தின் அடி ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே சாயலில் விழுகிறது. சின்தசைசரின் ஒலியும் பாட்டுக்குப் பாட்டு பெரிதாக மாறுவதில்லை. வேகமான பாடல்களில் இது குறையாகத் தெரியாது. மெதுவான பாடல்களில் குரல் தனித்து நிற்க வேண்டியிருக்கும்போதுதான் அதன் மெல்லிய தன்மை வெளிப்படுகிறது; உயர்ந்த ஸ்தாயியில் அடர்த்தி இல்லை, துணைக்குரல்கள் வந்து தாங்குகின்றன. இருபது வயதில் அது இயல்புதான். ஆனால் குறை குறைதான்.

அடுத்தது, ஜேசன் டோனோவன். அதே தொடரில் கைலிக்கு இணையாக நடித்தவர். அதே மூவர் கூட்டணி அவருக்கும் ஆல்பம் செய்து கொடுத்தது. 1989இல் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் அதுவாகவே இருந்தது. தொடரின் புகழும் அந்தக் கூட்டணியின் கைத்திறனும் சேர்ந்தால் வெற்றி வரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆகவே 1988இன் வெற்றியில் கைலியின் தனிப்பங்கு எவ்வளவு என்று அந்த ஆல்பத்தை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம்.

கூட்டத்தில் யாராவது 2001இல் அவர் உலகம் முழுக்கப் பெற்ற வெற்றியையும், 2004இலும் 2024இலும் வாங்கிய கிராமி விருதுகளையும் எடுத்துக்காட்டி, அதனால் முதல் ஆல்பமும் சிறந்ததே என்று வாதிடுவார்கள். அதை ஏற்காதீர்கள். பதின்மூன்று ஆண்டு உழைப்பால் வந்த தேர்ச்சியை, 1988இல் பாடிய பெண்ணின் கணக்கில் முன்கூட்டியே எழுதுவது அந்த உழைப்பையே மறைத்துவிடும். 1992இல் அந்தக் கூட்டணியை விட்டு வெளியேறி, தனக்கு எது பொருந்தும் என்று தேடித் தடுமாறிய ஆண்டுகளும் அதில் அடக்கம்.

மஞ்சக்குப்பத்தான் (கடலூர்):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அமெரிக்க, ஜப்பானிய விவரங்கள் எனக்கு மிகவும் பயன்படும். அக்கா எழுதிய குரலின் நெருக்கம் என்பதைத்தான் நானும் உணர்ந்தேன், ஆனால் சொல்லத் தெரியாமல் இருந்தேன். கெடிலக்கரை ஐயாவுக்கு ஒரு கேள்வி: மெதுவான பாடல்களில் குரல் மெலிந்து தெரிவதை நானும் கவனித்தேன், ஆனால் ‘ழ நெ சே பா பூர்க்வா’ அவ்வளவு வேகமான பாட்டு இல்லையே, அதில் அந்தக் குறை ஏன் உறுத்தவில்லை?

கெடிலக்கரை (கடலூர்):

நல்ல கவனிப்பு. நான் புரிந்துகொண்ட அளவில், அந்தப் பாட்டின் மெட்டு அவருடைய குரலுக்கு வசதியான நடு ஸ்தாயியிலேயே பெரும்பகுதி நடக்கிறது. ஏமாந்து நிற்கும் ஒரு பெண்ணின் பாட்டு என்பதால், குரலில் கனம் இல்லாததும் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. நான் மெலிந்த குரல் என்று குறை சொன்னதையே அக்கா நெருக்கம் என்கிறார் என்றால், இந்த ஒரு பாட்டைப் பொறுத்தவரை அவர் சொல்வதை ஏற்கிறேன். மற்ற மெதுவான பாடல்களில் என் கருத்து மாறவில்லை.

முத்தியால்பேட்டை ஒலிநாடா (புதுச்சேரி):

கூட்டத்துக்கு ஒரு யோசனை. பட்டியல் எண்களையும் தொடரின் கதையையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடாதீர்கள். பெயரைக்கூடச் சொல்லாமல் ஆல்பத்தை ஓடவிடுங்கள். எந்தப் பாட்டு பிடித்தது என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதட்டும். பிறகு விங்க் குழுவின் ஜப்பானியப் பாட்டையும், லிட்டில் ஈவாவின் பழைய ‘லோகோமோஷ’னையும் போட்டுக் காட்டி, அதன் பின் நடிகையின் கதைக்கு வாருங்கள். எழுதி வந்ததை இங்கே பதிவிட்டால் நாங்களும் தெரிந்துகொள்வோம்.